அரூப ஓவியத்தின் முன்னால் நிற்கப் பழகுவது எப்படி?

"சித்தி, இதுல என்ன இருக்கு? எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

அக்கா மகளை முதன்முறையாக ஓர் ஓவியக் கண்காட்சிக்கு அழைத்துப் போயிருந்தேன். சாம்பலும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த ஒரு பெரிய கேன்வாஸின் முன்னால் நின்றுகொண்டு கேட்டாள். பதிலுக்கு நான் ஒன்று கேட்டேன். "தீபாவளிக்கு மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர் போட்ட புடவை எடுத்தியே, அதுல என்ன இருந்தது?" கொஞ்சம் யோசித்தாள். "அதுல என்ன இருக்கும்? ரெண்டு கலரும் சேர்ந்து எடுப்பா இருந்தது, எடுத்தேன்." "அந்தக் கண்ணாலயே இதையும் பாரு" என்றேன்.

அன்றைக்கு அவள் அந்தப் படத்தின் முன்னால் கால் மணி நேரம் நின்றாள்.

நிறம் பார்க்கும் கண் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஜவுளிக்கடையில் "இந்தக் கலர் அதை அமுக்குது", "இது தூக்கிக் கொடுக்குது" என்று அவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறவர்கள், ஓவியம் என்று வந்ததும் அந்தக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே என்ன பொருள் ஒளிந்திருக்கிறது என்று தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அரூப ஓவியம், அதாவது மரம், மனிதர் என்று எந்தப் பொருளையும் காட்டாத ஓவியம், புரியவில்லை என்று சொல்கிற பலருக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கொடுத்து அனுப்புவேன்: இந்த ஓவியர் எதை விட்டார், எதை வைத்துக்கொண்டார்? கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் இந்தக் கேள்வியோடு போங்கள். அவசரம் வேண்டாம், வாரத்துக்கு ஒரு படி போதும்.

முதல் படி: பத்து நிமிடம், ஒரே படம்

போனில் அருங்காட்சியகங்களின் தளங்களில் கிடைக்கிற படமானாலும் சரி, நேரில் பார்க்கிற படமானாலும் சரி, ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெயர்ச்சீட்டைப் படிக்காதீர்கள். தலைப்பைப் படித்துவிட்டால் மனசு அந்தச் சொல்லுக்கு ஏற்ற உருவத்தைத் தேடப் போய்விடும்.

பத்து நிமிடத்தில் என்ன செய்வது? கண் முதலில் எங்கே போய் விழுகிறது என்று கவனியுங்கள். அங்கிருந்து அடுத்து எங்கே நகர்கிறது? எந்த நிறம் முன்னால் வருகிறது, எது உள்ளே போகிறது? இரண்டு நிறங்கள் சந்திக்கிற ஓரம் வெட்டியதுபோல இருக்கிறதா, கரைந்து கிடக்கிறதா? நேரில் பார்ப்பதானால் பக்கத்தில் போய் வண்ணம் தடிமனா மெல்லியதா என்று பாருங்கள், அப்புறம் பத்தடி பின்னால் வந்து பாருங்கள். மேகத்தில் யானையைத் தேடுவதுபோல இதற்குள் முகத்தையோ பறவையையோ தேட வேண்டாம். தானாகத் தெரிந்தால் தெரியட்டும்.

இந்தப் பழக்கத்தின் பலனை முதலில் அனுபவித்தவர்களில் ஒருவர், பின்னால் அரூப ஓவியத்தின் முன்னோடியாகவே ஆனவர்: வசிலி காண்டின்ஸ்கி. 1866இல் மாஸ்கோவில் பிறந்தவர். சட்டமும் பொருளாதாரமும் படித்து, பேராசிரியராகப் போக வேண்டியவர். 1896இல் மாஸ்கோவில் பிரெஞ்சு ஓவியர்களின் கண்காட்சி ஒன்று நடந்தது. அதில் குளோட் மோனே வரைந்த வைக்கோல்போர் படம் இருந்தது. காண்டின்ஸ்கிக்கு அது வைக்கோல்போர் என்றே தெரியவில்லை. கண்காட்சிப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அடையாளமே தெரியாதபடி வரைய ஓவியருக்கு என்ன உரிமை என்று முதலில் சங்கடப்பட்டார். ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் படம் அவரை விடவில்லை. பொருளே தெரியாமல் ஒரு படம் இப்படி மனசில் ஒட்டிக்கொள்ள முடியுமென்றால், ஓவியத்துக்குப் பொருள் அவ்வளவு அவசியம்தானா? அந்த வருடமே வேலை வாய்ப்பை மறுத்துவிட்டு, 30 வயதில், ஓவியம் கற்க ம்யூனிக் நகரத்துக்குப் போனார்.

இரண்டாம் படி: இது ஏன் அப்போது வந்தது?

வரலாற்றை நீளமாகப் படிக்கத் தேவையில்லை. மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும்.

1839இல் டாகெர் தன் புகைப்பட முறையை வெளியிட்டார். ஒருவரின் முகத்தை அப்படியே பதிவு செய்கிற வேலை கருவியின் கைக்குப் போகத் தொடங்கியது. அடுத்தது, 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வண்ணத்தை அடைத்து வைக்கும் உலோக டியூபுக்குக் காப்புரிமை பெற்றார். வண்ணம் சுலபமாகப் பையில் போக ஆரம்பித்ததும் ஓவியர்கள் வெளியே போய், வெயில் மாற மாற வரையத் தொடங்கினார்கள். மோனேயின் வைக்கோல்போர்கள் அப்படி வந்தவைதான். அங்கே வைக்கோல்போர் ஒரு சாக்குப்போக்கு, வெளிச்சம்தான் விஷயம்.

மூன்றாவது ஒரு சிந்தனை. மோரிஸ் டெனி என்ற பிரெஞ்சு ஓவியர் 1890இல், 19 வயதில், ஒரு கட்டுரை எழுதினார். ஒரு படம் போர்க்குதிரையாகவோ பெண்ணாகவோ ஏதோ ஒரு கதையாகவோ ஆவதற்கு முன்னால், ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் நிறங்கள் பூசப்பட்ட தட்டையான பரப்பு என்பதை நினைவில் வையுங்கள் என்றார். இன்றைக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. குதிரையை எடுத்துவிட்டாலும் அந்தப் பரப்பும் நிறமும் ஒழுங்கும் மிச்சமிருக்கும் என்ற அடுத்த அடிக்கு அதிலிருந்து இருபது வருடம்தான் ஆனது. இடையில் செசான் என்ற ஓவியர் வந்தார், பிக்காசோவும் பிராக்கும் பொருளைத் துண்டு துண்டாக உடைத்து வரைகிற கியூபிசத்தைக் கொண்டுவந்தார்கள். பிக்காசோ கடைசிவரை பொருளை முழுதாக விடவில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதவு வரைக்கும் வந்தவர்கள் எல்லோரும் உள்ளே போகவில்லை.

மூன்றாம் படி: நான்கு படங்களை வரிசையாக வையுங்கள்

எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பாடம். இந்த ஒன்றை மட்டும் செய்தாலும் போதும் என்பேன்.

பீட் மோண்ட்ரியன் 1872இல் ஹாலந்தில் பிறந்தவர். வெள்ளைப் பரப்பு, கருப்புக் கோடுகள், சிவப்பு நீலம் மஞ்சள் கட்டங்கள் என்று எல்லோரும் எங்காவது பார்த்திருக்கிற அந்தப் படங்கள் அவருடையவை. கைப்பையிலும் காபிக் கோப்பையிலும்கூட அச்சடித்து விற்கிறார்கள். அந்தக் கட்டங்கள் ஒரு மரத்திலிருந்து வந்தவை என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

இணையத்தில் நான்கு படங்களைத் தேடி எடுங்கள். முதலாவது, 1908இல் தொடங்கி 1910இல் முடித்த 'சிவப்பு மரம்'. மாலை நேரம், நீல வானம், அதில் தீப்பிடித்ததுபோல ஒரு பழைய ஆப்பிள் மரம். இங்கே அவர் விட்டது மரத்தின் உண்மையான நிறத்தை. மரம் மரமாகவே இருக்கிறது, கிளைகள் முறுக்கிக்கொண்டு தரையைத் தொடப் பார்க்கின்றன.

இரண்டாவது, 1911இன் 'சாம்பல் மரம்'. அந்த வருட இலையுதிர்காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஒரு கண்காட்சியில் கியூபிஸ்டுகளின் படங்களைப் பார்த்தார், கொஞ்ச நாளில் பாரிஸுக்கே குடிபோனார். நிறம் போய்விட்டது. வானமும் மரமும் ஒரே சாம்பலில் இருக்கின்றன. கிளைகளுக்கு நடுவில் இருக்கிற வெற்றிடத்தைக் கிளை அளவுக்கே கெட்டியாகப் பூசியிருக்கிறார். எது முன்னால் எது பின்னால் என்று சொல்வது கஷ்டம். ஆழத்தை விட்டுவிட்டார், கிளைகளின் வளைவை வைத்துக்கொண்டார்.

மூன்றாவது, 1912இன் 'பூத்த ஆப்பிள் மரம்'. பூ எங்கே என்று கேட்காதீர்கள். மீன் வடிவத்தில் வளைவுகள் ஒன்றையொன்று வெட்டிப் போகின்றன. நடுவில் கொஞ்சம் நெருக்கம், ஓரத்துக்குப் போகப் போகத் தளர்வு. தண்டு இருந்த இடத்தில் ஒரு நேர்க்கோட்டின் ஞாபகம் மட்டும் இருக்கிறது.

நான்காவதாக 1915க்கு வாருங்கள். இதில் மரம் இல்லை, கடல். முந்தின வருடம் உடம்பு சரியில்லாத அப்பாவைப் பார்க்க ஹாலந்துக்குப் போனவர், முதல் உலகப்போர் தொடங்கியதால் பாரிஸுக்குத் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். கடற்கரையில் நின்று அலையையும் கடலுக்குள் நீளும் கட்டைப் பாலத்தையும் வரைந்தார். வரைந்தவை எல்லாம் சின்னச்சின்னக் கோடுகள்: படுக்கைக் கோடு, செங்குத்துக் கோடு, அவ்வளவுதான். வளைவும் போய்விட்டது.

இந்த நான்கையும் பார்த்த பிறகு 1930இன் சிவப்பு நீலம் மஞ்சள் படத்துக்கு வாருங்கள். ஜூரிக் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 46 சென்டிமீட்டர் சதுரம்தான். மேலே வலப்புறம் பெரிய சிவப்பு, கீழே இடப்புறம் சின்ன நீலம், வலது கீழ் மூலையில் துளியூண்டு மஞ்சள். அந்தப் பெரிய சிவப்பு ஏன் படத்தைச் சாய்த்துவிடவில்லை என்று பாருங்கள். எதிர் மூலையில் இருக்கிற நீலம் அளவில் சின்னதானாலும் கனமானது, பிடித்து நிறுத்துகிறது. இடப்பக்கத்தில் ஒரு கருப்புக் கோடு மற்றவற்றைவிடத் தடிமன். கையால் அதை மறைத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் இளகிவிடுகிறது. இவர் படங்களை நேரில் நெருங்கிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். அது சும்மா விட்ட வெள்ளை கிடையாது. தூரிகை ஒரு கட்டத்தில் நெடுக்காகவும் அடுத்ததில் குறுக்காகவும் போயிருக்கும். 1920களின் தொடக்கத்துப் படங்கள் சிலவற்றில் கருப்புக் கோடு விளிம்பைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். அச்சடித்த கைப்பையில் இதெல்லாம் தெரியாது.

ஆக, அந்தக் கட்டங்கள் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. ஒரு மனிதர் பன்னிரண்டு வருடத்துக்கும் மேலாக ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்து, கடைசியில் விடவே முடியாமல் நின்ற மிச்சம் அது. எனக்கு அதில் ஒரு துறவியின் பிடிவாதம் தெரிகிறது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. ஐந்து தாள், ஒரு பென்சில். வீட்டெதிரே இருக்கிற ஏதாவது ஒரு மரம். வரையத் தெரியாது என்று சொல்லி இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், இதற்கு வரையத் தெரிய வேண்டியதில்லை. முதல் தாளில் தெரிகிறபடி வரையுங்கள். இரண்டாவதில் இலைகளை விட்டுவிடுங்கள். மூன்றாவதில் கிளையை வரையாமல் கிளைகளுக்கு நடுவே தெரிகிற வானத்தின் வடிவங்களை மட்டும் வரையுங்கள். நான்காவதில் வளைவு கூடாது, நேர்க்கோடுகள் மட்டும். ஐந்தாவதில் மரத்தைப் பார்க்காமல் பதினைந்து கோட்டுக்குள் முடித்துவிடுங்கள்.

என் அக்கா மகள் அவர்கள் வீட்டு முருங்கை மரத்தை இப்படி வரைந்தாள். ஐந்தாவது தாளைப் பார்த்து அது முருங்கை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் காய் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்குமே, அந்தச் சாய்வு அதில் அப்படியே இருந்தது. முதல் தாளில் இலைக் கூட்டத்துக்குள் அது மறைந்து கிடந்தது. "இதுலதான் சித்தி மரம் நல்லா நிக்குது" என்றாள். அரூபம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

நான்காம் படி: கொஞ்சம் காதையும் கொண்டுவாருங்கள்

மறுபடி காண்டின்ஸ்கி. ம்யூனிக்கில் ஒரு நாள் அந்தி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு ஸ்டூடியோவுக்குத் திரும்புகிறார். உள்ளே சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு படம், நிறமும் வடிவமும் மட்டுமே ஆனது, உள்ளிருந்து ஒளிர்வதுபோல இருக்கிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் அவருடைய படம்தான், பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் அதே உணர்வைத் திரும்பப் பெறப் பார்த்தார், முடியவில்லை. பொருள்கள் அடையாளம் தெரிந்துகொண்டே இருந்தன. பொருள்தான் தன் படங்களைக் கெடுக்கிறது என்று அன்றைக்கு உறுதியாகத் தெரிந்துகொண்டதாகப் பின்னால் எழுதியிருக்கிறார்.

சரி, பொருளை எடுத்துவிட்டால் அதன் இடத்தில் எதை வைப்பது? வெறும் அலங்காரமாகிவிடாதா? இந்தப் பயம் அவருக்கு நிறையவே இருந்தது. பதில் சங்கீதத்திலிருந்து வந்தது. 1911 ஜனவரி 2ஆம் தேதி ம்யூனிக்கில் அர்னால்ட் ஷோன்பெர்க்கின் இசையைக் கேட்டார். உடனே ஒரு படம் வரைந்தார். அதன் பெயர் 'இம்ப்ரெஷன் 3', ம்யூனிக்கின் லென்பாக் மாளிகை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேலே பியானோ மூடியின் கருப்பு, அதைச் சுற்றிப் படம் முழுக்க வெள்ளமாகப் பாய்கிற மஞ்சள்.

நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. தோடி ஆலாபனையில் சொல்லே கிடையாது. இவர் என்ன சொல்ல வருகிறார் என்று யாரும் கேட்பதில்லை, ஸ்வரத்தோடு கூடவே போகிறோம். காண்டின்ஸ்கி கேட்டதும் இதைத்தான்: காதுக்குக் கொடுக்கிற சுதந்திரத்தைக் கண்ணுக்கும் கொடுங்கள். 1911 டிசம்பரில் வெளிவந்த 'கலையில் ஆன்மிகம் பற்றி' என்ற சின்னப் புத்தகத்தில் நிறங்களை வாத்தியங்களாகவே பேசுகிறார். மஞ்சள் பார்ப்பவரை நோக்கி வருகிறது, ட்ரம்பெட்போல உரக்க ஒலிக்கிறது. நீலம் விலகி உள்ளே போகிறது, வெளிர்நீலம் புல்லாங்குழல், அடர்நீலம் செல்லோ. எல்லோருக்கும் எல்லா இடத்திலும் இப்படித்தான் கேட்கும் என்பதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. மஞ்சள் என்றதும் நமக்கு வருகிற கல்யாணமும் மங்கலமும் அவர் கணக்கில் கிடையாது. ஆனால் மஞ்சள் முன்னால் வருவதும் நீலம் பின்வாங்குவதும் கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது. ஒரே அளவில் இரண்டு துண்டுக் காகிதம் வெட்டிச் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பாருங்கள்.

இந்தப் படிக்கான பயிற்சி இதுதான். 1913இல் அவர் வரைந்த 'கம்போசிஷன் 7' படத்தைத் திரையில் பெரிதாகத் திறந்து வையுங்கள். மாஸ்கோவின் திரெத்யகோவ் கூடத்தில் இருக்கிறது, இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். பார்த்தால் ஒரு வேகத்தில் கொட்டியதுபோல இருக்கும். ஆனால் அதற்கு முன்னால் முப்பதுக்கும் மேற்பட்ட வரைவுகள் செய்து, கடைசியில் நான்கு நாளில் கேன்வாஸில் ஏற்றினார். கூடவே வாழ்ந்த ஓவியர் கப்ரியேலே ம்யூன்டர் அந்த நாள்களில் படம் வளர வளரப் புகைப்படம் எடுத்து வைத்தார். சத்தமான இடம் எது, அடங்குகிற இடம் எது, திரும்பத் திரும்ப வருகிற வடிவம் எது என்று பாருங்கள். அப்புறம் போனைத் திருப்பித் தலைகீழாகவும் பாருங்கள். கனம் வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும். எது மேல் எது கீழ் என்பதை ஓவியர் எவ்வளவு யோசித்து முடிவு செய்திருக்கிறார் என்று அப்போது தெரியும்.

அடையாறு வழியாக ஒரு சின்னச் சுற்று

படிகளுக்கு நடுவே இதைச் சொல்லாமல் போக மனசில்லை. அரூப ஓவியத்தின் பிறப்புக்கும் நம் அடையாறுக்கும் ஒரு நிஜமான தொடர்பு இருக்கிறது.

பிரம்மஞான சபை (தியாசபிகல் சொசைட்டி) 1875இல் நியூயார்க்கில் தொடங்கியது. 1882 முதல் அதன் தலைமையிடம் சென்னை அடையாறு. சபையின் பெரிய பெயர்களான அன்னி பெசன்டும் லெட்பீட்டரும் சேர்ந்து 1905இல் 'எண்ண உருவங்கள்' என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். கோபம், பக்தி, பயம் ஒவ்வொன்றும் சூட்சுமக் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று வண்ணப் படங்களாகப் போட்டிருந்தார்கள். எந்தப் பொருளின் சாயலும் இல்லாமல் நிறத்தாலும் வடிவத்தாலும் ஒரு மனநிலையைக் காட்டலாம் என்ற எண்ணம் அச்சில் வந்துவிட்டது. காண்டின்ஸ்கி இதைப் படித்தார். மோண்ட்ரியன் 1909இல் அந்தச் சபையில் உறுப்பினராகவே சேர்ந்தார். அந்தப் புத்தகம் சொல்கிற சூட்சும உலகத்தை நீங்கள் நம்ப வேண்டியதில்லை, நானும் நம்பவில்லை. ஆனால் பொருளைத் தாண்டி ஏதோ இருக்கிறது என்ற அவர்களுடைய நிஜமான தேடலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்த ஓவியங்கள் வெறும் டிசைனாகச் சுருங்கிவிடும்.

இந்தப் பாதையிலேயே வந்த இன்னொருவர் ஸ்வீடனின் ஹில்மா அஃப் கிளின்ட். 1862இல் பிறந்தவர், ஸ்டாக்ஹோம் கலைக்கழகத்தில் முறையாகப் படித்தவர். 1906இலிருந்து 1915வரை 'கோயிலுக்கான ஓவியங்கள்' என்று 193 படங்கள் வரைந்தார். அதில் 'பத்துப் பெரியவை' என்ற வரிசை 1907இல் வந்தது, ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். குழந்தைப் பருவத்திலிருந்து முதுமைவரை மனித வாழ்க்கையைச் சுழல்களாலும் இதழ்களாலும் ஆரஞ்சு, நீலம், இளஞ்சிவப்பு நிறங்களாலும் சொல்கிற படங்கள். காண்டின்ஸ்கி அரூபத்துக்கு வருவதற்கு முன்பே இந்த வரிசை முடிந்துவிட்டது. தான் இறந்து இருபது வருடமாவது இவற்றைக் காட்டக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். 1986இல்தான் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கண்காட்சியில் பொதுமக்கள் பரவலாகப் பார்த்தார்கள். 2018இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி வைத்தபோது ஆறு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள்.

யார் முதலில் வரைந்தார் என்று ஒரு பெரிய வாக்குவாதம் உண்டு. பாரிஸில் 1912இல் பொதுக் கண்காட்சியில் அரூபப் படம் காட்டிய செக் ஓவியர் குப்காவையும் அதில் சேர்ப்பார்கள். புதியவர்கள் இந்தப் போட்டிக்குள் போக வேண்டாம். ஒருவரையொருவர் அறியாமல் பல ஊர்களில் பலரும் ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. காண்டின்ஸ்கி, மோண்ட்ரியன், ஹில்மா மூவரும் இறந்தது ஒரே வருடம், 1944.

ஐந்தாம் படி: கருப்புச் சதுரத்தைச் சந்திப்பது

இதுவரை பார்த்தவற்றில் மோண்ட்ரியன் ஒரு மரத்திலிருந்து கழித்துக்கொண்டே வந்தார். இன்னொரு வகை உண்டு: எதிலிருந்தும் கழிக்காமல், வெறும் வடிவத்திலிருந்தே தொடங்குவது. ஒரு படத்தைப் பார்க்கும்போது இது எந்த வகை என்று கேட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இரண்டாவது வகையின் தலைவாசல் கசிமிர் மாலேவிச்சின் 'கருப்புச் சதுரம்'. கீவ் பக்கத்தில் பிறந்தவர். 1915 டிசம்பரில் பெத்ரோகிராத் நகரத்தில், இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், நடந்த கண்காட்சியில் அதைத் தொங்கவிட்டார். மாட்டிய இடத்தைக் கவனியுங்கள். இரண்டு சுவரும் கூரையும் சேருகிற மேல் மூலை. ரஷ்ய வீடுகளில் சாமி படம் வைக்கிற இடம் அது. நம் வீட்டுப் பூஜை மாடத்தில் ஒருவர் படங்களை எடுத்துவிட்டு ஒரு கருப்புச் சதுரத்தை வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பார்த்தவர்கள் ஏன் அப்படி அதிர்ந்தார்கள் என்று புரியும்.

இப்போது நெருங்கிப் போவோம். படத்தின் ஒரு பக்கம் 79.5 சென்டிமீட்டர். சதுரம் என்று பேர், ஆனால் அதன் எந்தப் பக்கமும் சட்டத்தின் விளிம்புக்குச் சரியான இணையாக இல்லை. ஸ்கேல் வைத்துப் போடாமல் கையால் தேடிப் போட்ட சதுரம். சுற்றியிருக்கிற வெள்ளையில் தூரிகைத் தடம் தெரியும். இத்தனை வருடத்தில் கருப்பு வெடித்து, காய்ந்த ஏரி மண்ணைப்போலப் பாளம் பாளமாக விரிசல் விட்டிருக்கிறது. அந்த விரிசல்களுக்குள் வேறு நிறங்கள் எட்டிப் பார்க்கின்றன. 2015இல் திரெத்யகோவ் கூடத்து ஆய்வாளர்கள் உள்ளே இரண்டு வண்ணப் படங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு படங்களின் மேல் பூசி மூடிய கருப்பு அது. எதை விட்டார் என்ற கேள்விக்கு இந்தப் படத்தில் விடை நிஜமாகவே அடியில் இருக்கிறது.

இந்தச் சுதந்திரத்துக்கு இந்த ஓவியர்கள் கொடுத்த விலையும் பெரிது. ஸ்டாலின் காலத்தில் அரூபத்துக்கு இடமில்லாமல் போனது. மாலேவிச் மறுபடி மனிதர்களை வரையத் தொடங்கினார், ஆனால் 1933இல் வரைந்த தன் உருவப்படத்தின் மூலையில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சின்னக் கருப்புச் சதுரம் போட்டார். ஜெர்மனியில் நாஜிகள் 1937இல் 'சீரழிந்த கலை' என்று பெயர் வைத்து நவீன ஓவியங்களை அவமானப்படுத்தக் கண்காட்சி வைத்தார்கள். காண்டின்ஸ்கியின் படங்களும் அதில் இருந்தன. அந்தக் காலம் முழுக்க ம்யூன்டர் தன்னிடம் இருந்த காண்டின்ஸ்கி படங்களை முர்னாவ் ஊரில் தன் வீட்டு நிலவறையில் ஒளித்து வைத்திருந்தார். 1957இல், 80 வயதில், எல்லாவற்றையும் லென்பாக் மாளிகைக்கே கொடுத்துவிட்டார். இன்றைக்கு நாம் அவற்றைப் பார்ப்பது அந்த ஒரு பெண்மணியின் துணிச்சலால்.

ஆறாம் படி: "இதை என் பிள்ளையே போட்டுடும்"

இந்தப் பேச்சு கட்டாயம் வரும். கோபப்படாமல் பதில் சொல்லப் பழகுங்கள். அதற்கு உதவுகிற ஒரு வழக்கு இருக்கிறது.

ஜேம்ஸ் விஸ்லர் 1875இல் லண்டன் இரவு வானில் வாணவேடிக்கைத் தீப்பொறிகள் உதிர்வதை வரைந்தார். கருப்பும் பொன்னும், அதிகம் வேறொன்றும் தெரியாது. விலை 200 கினி. அந்தக் காலத்தின் மிகப் பெரிய விமரிசகர் ரஸ்கின், ஒரு டப்பா வண்ணத்தைப் பொதுமக்கள் முகத்தில் வீசியதற்கு இந்த விலையா என்ற பொருளில் எழுதினார். விஸ்லர் வழக்குப் போட்டார். 1878இல் விசாரணை. இரண்டு நாள் வேலைக்கா 200 கினி கேட்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். இல்லை, வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அறிவுக்குக் கேட்கிறேன் என்றார் விஸ்லர். வழக்கில் ஜெயித்தார், நஷ்டஈடாகக் கிடைத்தது ஒரே ஒரு ஃபார்த்திங், கால் பென்னி. செலவு தாங்காமல் மறுவருடமே திவாலானார்.

பிள்ளை போடுகிற கிறுக்கல் அழகாக இருக்கலாம். அது எதையும் விட்டு வந்ததில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மோண்ட்ரியனுக்கு ஆப்பிள் மரம் வரையத் தெரியும். ஹில்மா செடிகொடிகளை நுணுக்கமாக வரைந்து சம்பாதித்தவர்.

அதற்காக எல்லா அரூபப் படமும் நல்ல படம் என்று ஆகாது. ஹோட்டல் வரவேற்பறைச் சோபாவுக்கு மேட்சாக மாட்டிய படங்களில் பல வெறும் பூச்சுத்தான். ஐந்து நிமிடம் பார்த்தால் மோசமான படம் தீர்ந்துபோகும், நல்ல படம் அப்போதுதான் தொடங்கும். பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவில் அரூபம் வளர்ந்ததைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. அது தனியாகவே படிக்க வேண்டியது. ஜாக்சன் பொல்லாக் 1947 வாக்கில் கேன்வாஸைத் தரையில் விரித்து, வீட்டுக்கு அடிக்கிற எனாமல் பெயின்டைச் சொட்டவிட்டும் வீசியும் வரைந்தார். அவர் படத்தில் கோடு என்பது உடம்பின் அசைவு. மார்க் ரோத்கோ பெரிய கேன்வாஸில் கரைந்த ஓரமுள்ள நிறப் பாளங்களை மிதக்கவிட்டார். தன் படங்களைச் சுமார் 18 அங்குலத் தூரத்தில் நின்று பார்க்கச் சொன்னார், நிறம் பார்ப்பவரைச் சூழ்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. இவர்கள் இருவரையும் போனில் பார்ப்பது, கச்சேரியை அடுத்த தெருவில் நின்று கேட்பதுபோலத்தான்.

ஏழாம் படி: நேரில் போங்கள்

சென்னைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிற சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போகலாம். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில், சென்னை கவின்கலைக் கல்லூரியைச் சேர்ந்த ஓவியர்கள் கைவினைப் பொருள்கள் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கி உருவாக்கிய இடம். அங்கே சென்னை ஓவிய இயக்கத்துக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். 1963இல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம்தான் அதற்குப் பொறி. எண்ணும் எழுத்தும் சூத்திரமும் நெருக்கி நிரம்பிய அந்தப் பக்கத்தை அவர் கணக்காகப் பார்க்காமல் படமாகப் பார்த்தார். பிறகு மலையாள எழுத்தின் சாயலும் ஜாதகக் கட்டங்களும் வந்து சேர்ந்தன. கிட்டப் போய் வாசிக்கப் பார்ப்பீர்கள், வாசிக்க வராது. எழுத்தின் அர்த்தத்தை விட்டுவிட்டு அதன் உடம்பை வைத்துக்கொண்டார். ஐரோப்பியர்கள் மரத்தை விட்ட மாதிரி இவர் சொல்லை விட்டார் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரில் 1938இல் பிறந்த கே.எம். ஆதிமூலத்தையும் தேடிப் பாருங்கள். காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்த அதே கை, பின்னால் கோட்டையே விட்டுவிட்டு எண்ணெய் வண்ணத்தில் நிறத்தை அடுக்கடுக்காகப் போட்ட அரூப வெளிகளுக்குப் போனது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மோண்ட்ரியனின் மரங்களில் பழகிய கண் தானாக வேலை செய்யும்.

போகும்போது ஒரு சின்ன நோட்டு கொண்டுபோங்கள். ஒரு நாளைக்கு மூன்று படத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். மேலே தேதி, எவ்வளவு நேரம் நின்றீர்கள். நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் 'விட்டது', வலப்பக்கம் 'வைத்துக்கொண்டது'. எல்லாம் எழுதிய பிறகு பெயர்ச்சீட்டைப் படித்து, கடைசி வரியில் ஓவியர் பெயரையும் தலைப்பையும் வருடத்தையும் சேருங்கள். பக்கத்தின் கீழ்ப்பாதியைக் காலியாக விட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே படத்திடம் திரும்பிப் போய், அங்கே எழுத வேண்டியிருக்கும்.